முன்னால் போகிறவரின் கால் நுரை

2016 ரியோ ஒலிம்பிக்கில், கோபகபானா கடலில் நடந்த ஆண்கள் 10 கிலோமீட்டர் நீச்சலில் முதல் இரண்டு இடம் பிடித்தவர்களுக்கும் ஒரே நேரம்தான் பதிவானது. 1 மணி 52 நிமிடம் 59.8 நொடி. அத்தனை நேரம் உப்புத் தண்ணீரில் கை வீசி வந்த இரண்டு பேரைப் பத்தில் ஒரு நொடியால்கூடப் பிரிக்க முடியவில்லை. கிரீஸ் நாட்டு ஸ்பிரிதோன் யானியோதிஸ் எல்லைக்கு முதலில் வந்துவிட்டார். ஆனால் இந்த விளையாட்டில் எல்லைக்கு வந்தால் போதாது, தண்ணீருக்கு மேலே தொங்கும் பலகையைக் கையால் அடிக்க வேண்டும். நெதர்லாந்தின் ஃபெர்ரி வீர்ட்மன் கையைத் தூக்கி ஓங்கி அடித்தார். புகைப்படத்தைப் பார்த்துத் தங்கத்தை அவருக்குக் கொடுத்தார்கள். யானியோதிஸுக்கு அப்போது வயது 36.

அதற்கு முந்தைய நாள் பெண்கள் போட்டியில் இன்னும் பெரிய கூத்து. பிரான்சின் ஒரேலி முல்லர் இரண்டாவதாகப் பலகையை அடித்தார். ஆனால் அந்தக் கடைசி வீச்சில் பக்கத்தில் வந்த இத்தாலியின் ராகேலே புருனியைத் தண்ணீருக்குள் அமுக்கிவிட்டார் என்று அவரைத் தகுதிநீக்கம் செய்தார்கள். வெள்ளி புருனிக்குப் போனது. நான்காவதாக வந்த பிரேசிலின் போலியானா ஒகிமோட்டோவுக்குச் சொந்த நாட்டுக் கடலில் வெண்கலம் கிடைத்தது.

ஊரில் யாரிடம் இதைச் சொன்னாலும் முதலில் கேட்பது, "கடல் நீச்சல்னா தனியாப் போறதுதானே, இதுல அடிதடி எங்கேருந்து வந்துச்சு?" என்றுதான். கேள்வியில் தப்பில்லை. நமக்குத் தெரிந்த கடல் நீச்சலில் ஒரு ஆள் இருப்பார், பெரும்பாலும் சிறுவனாக இருப்பான். பக்கத்தில் ஒரு படகு, அதில் அப்பாவும் பயிற்சியாளரும். விடியற்காலை தலைமன்னாரில் குதித்து, மத்தியானம் அரிச்சல்முனையில் கரையேறி, மாலை போட்டுக்கொண்டு ஒரு போட்டோ. எதிராளி கடல் மட்டும்தான். போட்டியாக நடக்கும் கடல் நீச்சல் வேறு சாதி. அங்கே கடல் எல்லோருக்கும் பொது. பக்கத்தில் நீந்துகிறவரை வைத்து நாம் எப்படி முன்னேறுவது என்பதில்தான் முழு விளையாட்டும் இருக்கிறது. பல வருஷமாக நேரலையில் பார்த்தும், சிங்கப்பூரில் வாரக்கடைசிப் போட்டிகளில் கடைசிக் கும்பலோடு நீந்தியும் எனக்குப் பிடிபட்டது இவ்வளவுதான்.

அதை முதலில் மூளைக்கு முன்னால் கை புரிந்துகொண்டது. புதுக்கோட்டைப் பக்கம் கிணற்றிலும் கண்மாயிலும் நீந்தப் பழகியவன் நான். அங்கே பக்கத்தில் ஆள் வந்தால் விலகிப்போவதுதான் மரியாதை. இங்கே சங்கு ஊதியதும் ஐம்பது பேர் ஒரே மிதவையை நோக்கிப் பாய்கிறார்கள். யார் கையோ நம் முதுகில் விழுகிறது, யார் குதிகாலோ நீச்சல் கண்ணாடியைத் தட்டிவிடுகிறது. கொஞ்ச தூரம் போனதும் கும்பல் கலைந்து வரிசையாகிறது. அப்போது முன்னால் போகிறவரின் கால் உதைப்பில் கிளம்பும் நுரை நம் விரல்களுக்கிடையே வழுக்கிக்கொண்டு வரும். அதை விடாமல் பிடித்துக்கொண்டே போனால், தனியாகப் போனால் மூச்சு வாங்கும் வேகத்தில்கூட நிதானமாகப் போகலாம். அவர் தண்ணீரைப் பிளந்து வைக்கிறார், நாம் அந்த வழியில் போகிறோம். இன்னொரு இடமும் உண்டு. அவருடைய இடுப்புக்குப் பக்கவாட்டில், நம் தலை அவர் விலாவுக்கு நேராக இருக்கும்படி ஒட்டிக்கொள்வது. பின்னால் வருவதைவிட அது இன்னும் சுகம், ஆனால் முழங்கையில் இடி வாங்கத் தயாராக இருக்க வேண்டும். பெரிய போட்டிகளில் கேமரா மேலேயிருந்து காட்டும்போது அம்பு முனைபோல ஒரு வடிவம் தெரியுமே, அது இப்படி ஒருவர் மேல் ஒருவர் ஒட்டிக்கொண்டதால் உருவாவதுதான்.

ஆக, முன்னால் போகிறவர் எல்லோருக்கும் கூலியில்லாமல் வேலை செய்கிறார். 2008 பெய்ஜிங்கில், ஆண்களுக்கு இந்தப் போட்டி முதன்முதலாக ஒலிம்பிக்கில் வந்தபோது, பிரிட்டனின் டேவிட் டேவிஸ் பெரும்பாலான தூரம் முன்னால் இருந்தார். கடைசியில் களைப்பில் கோடு தவறிப் பக்கவாட்டில் ஒதுங்கிவிட்டார். பின்னாலேயே பொறுமையாக வந்துகொண்டிருந்த நெதர்லாந்தின் மார்ட்டன் வான் டெர் வெய்டன் 1.5 நொடி வித்தியாசத்தில் தங்கத்தை வாங்கிக்கொண்டு போனார். வான் டெர் வெய்டன் 2001இல் ரத்தப் புற்றுநோய் வந்து, மீண்டு வந்தவர். செய்தித்தாள்கள் எல்லாம் அந்தக் கதையைத்தான் எழுதின, எழுதவேண்டிய கதைதான். ஆனால் அன்று அவர் ஜெயித்தது எங்கே முந்துவது என்று தெரிந்திருந்ததால். அதே பெய்ஜிங்கில் பெண்கள் பிரிவில் தென்னாப்பிரிக்காவின் நடாலி டு டுவா, விபத்தில் இடது காலை இழந்தவர், 16ஆவதாக வந்தார். அந்தக் கும்பலின் இடிபாடுகளுக்குள் ஒற்றைக் காலோடு 10 கிலோமீட்டர். எனக்கு அன்றைய தங்கத்தைவிட இந்த 16ஆம் இடம்தான் மனதில் நிற்கிறது.

எதற்கு 10 கிலோமீட்டர்? ஏறக்குறைய 2 மணி நேரத்தில் முடிகிற தூரம், ஓட்டத்தில் மாரத்தான் முடிகிற நேரம். அதனால் ஒலிம்பிக்கில் இதற்கு மாரத்தான் நீச்சல் என்றே பெயர். வட்டமாக மிதவைகள் போட்டு ஆறேழு சுற்று விடுவார்கள். இரண்டு தோளிலும் முதுகிலும் எண் எழுதி, இரண்டு மணிக்கட்டிலும் நேரம் காட்டும் சில்லு கட்டி, நகம் வெட்டியிருக்கிறதா என்று பார்த்துத்தான் தண்ணீருக்குள் அனுப்புவார்கள். நகம் ஏன் என்று முல்லர் கதையைப் படித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நடுவர்கள் படகில் கூடவே வருவார்கள். வேண்டுமென்றே இடித்தால் மஞ்சள் கொடி, மறுபடி செய்தால் சிவப்புக் கொடி, ஆள் வெளியே.

நான் ரசிப்பது தண்ணீர் கொடுக்கும் இடத்தை. நடுக்கடலில் ஒரு மிதவை மேடை. அதில் வெவ்வேறு நாட்டுப் பயிற்சியாளர்கள் வரிசையாக நின்று நீளமான கம்பை நீட்டிக்கொண்டிருப்பார்கள். கம்பின் நுனியில் ஒரு குவளை, தன் ஆளுக்கு அடையாளம் தெரிய ஒரு குட்டிக் கொடி. நீந்தி வருகிறவர் அதைப் பிடுங்கி, மல்லாந்து திரும்பி, ஒரே மடக்கில் ஊற்றிக்கொண்டு, குவளையை எறிந்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். இதில் மூன்று நொடி கூடப் போனால் முன்னால் இருந்தவரின் கால் நுரை கைக்குக் கிடைக்காது. கிடைக்காமல் போன நுரையைத் துரத்திப் பிடிப்பதற்குள் பாதி சக்தி தீர்ந்துவிடும். அதனால் சிலர் மேடைப் பக்கமே போகாமல், நீச்சலுடைக்குள் செருகி வைத்த ஜெல் பொட்டலத்தைக் கடித்து உறிஞ்சிக்கொண்டு அந்த நேரத்தில் முந்திவிடுவார்கள். ஒரு கல்யாணப் பந்தியில் நடக்கிற அரசியல் எல்லாம் அந்த மேடையைச் சுற்றி நடக்கும்.

கரையில் நின்று பார்த்தால் இதில் ஒன்றும் தெரியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2025 ஜூலையில் உலக நீச்சல் சாம்பியன்ஷிப் சிங்கப்பூரில் நடந்தது. கடல் போட்டிகள் செந்தோசாத் தீவில். அலுவலகத்துக்கு லீவு போட்டுவிட்டுக் காத்திருந்தால், தண்ணீர் சுத்தம் போதவில்லை என்று பெண்கள் 10 கிலோமீட்டரைத் தள்ளி வைத்துவிட்டார்கள். அப்புறம் நடந்தபோது தூரத்தில் சில தொப்பிகளும் நிறைய நுரையும் தெரிந்தன. கைபேசியில் நேரலையைப் பார்த்துக்கொண்டே கடலைப் பார்ப்பதுதான் வழி. ஆனாலும் ஒன்று நேரில்தான் தெரிந்தது. வேகம். பெண்கள் பிரிவில் ஆஸ்திரேலியாவின் மோஷா ஜான்சன் ஜெயித்தார், ஆண்களில் ஜெர்மனியின் ஃப்ளோரியன் வெல்ப்ராக். கடைசிச் சுற்றில் அவர்கள் கரைக்குக் கொஞ்சம் கிட்டே வந்தபோது, மணல் ஓரமாக அவர்களுக்கு இணையாகப் போக நான் நடந்தது போதவில்லை, ஓட்டமும் நடையுமாகப் போக வேண்டியிருந்தது. அதுவும் ஒன்றரை மணி நேரம் நீந்திய பிறகு!

வெல்ப்ராக் அந்த வாரம் நான்கு தங்கம் வாங்கினார். கூட்டத்தின் விளையாட்டு என்று இவ்வளவு நேரம் சொன்னதற்கு எதிர்சாட்சியும் அவரேதான். 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆரம்பத்திலிருந்தே முன்னால் போய், எல்லோரும் தன் நுரையில் தொங்கட்டும் என்று விட்டு, கடைசியில் அவர்களையும் கழற்றிவிட்டு 25 நொடி முன்னால் வந்து முடித்தார். ஒரு நொடி, அரை நொடியில் தீர்மானமாகிற போட்டியில் 25 நொடி என்பது பக்கத்து ஊர். ஆனால் அதே ஆள் 2024 பாரிஸில் பதக்கம் இல்லாமல் திரும்பினார்.

பாரிஸில் கடலே கிடையாது, சேன் நதி. சுத்தம் செய்யக் கோடிக்கணக்கில் கொட்டியும், போட்டிக்கு முன்னால் பயிற்சி நாள் ஒன்றை அழுக்கு காரணமாக ரத்து செய்தார்கள். அழுக்கைப் பற்றி உலகமே பேசியது. நீந்தியவர்களுக்கு அதைவிடப் பெரிய கவலை நீரோட்டம். போகும்போது ஆறு தள்ளிக்கொண்டு போகும், வரும்போது எதிர்த்து இழுக்கும். எதிர்நீச்சலில் நடு ஆற்றில் போனவர்கள் நின்ற இடத்திலேயே நின்றார்கள். புத்திசாலிகள் கரைக் கல்சுவரை ஒட்டி, இழுப்பு குறைவான ஒரு சின்ன இடைவெளியில் ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள், சுவரில் கை இடிக்க இடிக்க. நெதர்லாந்தின் ஷரோன் வான் ரௌவெண்டால் அப்படி மோஷா ஜான்சனின் பின்னாலேயே வந்து, கடைசிக் கட்டத்தில் வேறு கோட்டைப் பிடித்து முந்தித் தங்கம் வாங்கினார். ரியோவிலும் தங்கம் வாங்கியவர் அவர்தான். அந்த வெற்றியின் நினைவாக ரியோ என்று பெயர் வைத்த நாய் சில மாதங்களுக்கு முன்னால் செத்துப்போயிருந்தது. நாய்க்காக நீந்தினேன் என்றார். அப்போது அவருக்கு 30 வயது.

இந்த வயதுகளைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். யானியோதிஸ் 36. வான் ரௌவெண்டால் 30. டோக்கியோவில் தங்கம் வாங்கிய பிரேசிலின் அனா மார்செலா குன்யா 29. வான் டெர் வெய்டன் 27. பின்னால் தேவைப்படும்.

நேரத்துக்கு இங்கே மதிப்பு இல்லை என்பதும் சேனில் தெளிவாகத் தெரிந்தது. டோக்கியோவில் குன்யா 1 மணி 59 நிமிடத்தில் முடித்ததையும், பாரிஸில் வான் ரௌவெண்டால் 2 மணி 3 நிமிடத்தில் முடித்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யாரும் எதுவும் சொல்ல முடியாது. ஒவ்வொரு தண்ணீருக்கும் ஒரு குணம். அதனால் குளத்து நீச்சலில் இருக்கிற மாதிரி உலக சாதனை நேரம் என்ற ஒன்று இந்தப் போட்டிகளுக்கு இல்லை. யாருக்கு முன்னால் யார், அவ்வளவுதான் கணக்கு.

மகிழ்ச்சியான விஷயமாகவே சொல்லிக்கொண்டு போக முடியாது. 2010 அக்டோபர் 23 அன்று ஐக்கிய அரபு அமீரகத்தின் ஃபுஜைராவில் நடந்த 10 கிலோமீட்டர் உலகக் கோப்பைப் போட்டியில் அமெரிக்காவின் ஃபிரான் கிரிப்பன் கரை சேரவில்லை. 26 வயது. தண்ணீர் கொதித்தது என்று நீந்தியவர்கள் சொன்னார்கள். அவர் வரவில்லை என்பதையே மற்ற நீச்சல்காரர்கள்தான் முதலில் கவனித்தார்கள், அவர்களே திரும்பத் தண்ணீரில் இறங்கித் தேடினார்கள். கடைசி மிதவைக்குப் பக்கத்தில் உடல் கிடைத்தது. அதற்குப் பிறகுதான் தண்ணீரின் வெப்பம் 31 டிகிரிக்கு மேல் போனால் போட்டி இல்லை என்ற விதி வந்தது. எதிர்ப்பக்கம் குளிருக்கும் ஒரு எல்லை உண்டு, 16 டிகிரிக்குக் கீழே போகக் கூடாது.

குளிரைப் பற்றி எல்லோரும் பயப்படுகிறார்கள், சூட்டைப் பற்றி யாரும் பயப்படுவதில்லை. உடம்பு வேலை செய்தால் சூடாகும், தரையில் என்றால் வியர்த்து ஆறும். வெந்நீர் மாதிரி இருக்கிற கடலில் வியர்வைக்கு ஆவியாக வழி கிடையாது. தாகம் தெரியாது, தலை சுற்றுவதும் அலை என்றே தோன்றும். செந்தோசாத் தண்ணீரும் அந்த 31க்குப் பக்கத்திலேயேதான் எப்போதும் நிற்கிறது. சித்திரை, வைகாசியில் நம்ம வங்கக் கடல் மேல்மட்டத்தில் 30 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். நம்ம ஊர்ப் பிள்ளைகளைக் கடலில் இறக்குகிறவர்கள் சொறிமீன் கடிக்குமா, சுறா வருமா என்று கேட்பதற்கு முன்னால் ஒரு வெப்பமானியைத் தண்ணீரில் போட்டுப் பார்க்கலாம்.

ஒரு ஆள், ஒரு படகு என்கிற நீச்சலுக்கும் போட்டிக்கும் ஆரம்பத்தில் இவ்வளவு தூரம் கிடையாது. 1875இல் மேத்யூ வெப் ஆங்கிலக் கால்வாயைத் தனியாக 21 மணி 45 நிமிடத்தில் கடந்தார், அது சாகசம். ஆனால் 1927 ஜனவரி 15 அன்று கலிபோர்னியாவில் கட்டலினாத் தீவிலிருந்து கரைக்கு ஒரு பந்தயம் நடந்தது. சூயிங்கம் வியாபாரி ரிக்லி 25,000 டாலர் பரிசு அறிவித்தார். தீவு அவருடையது, கூட்டம் வரவேண்டும் என்பது கணக்கு. 102 பேர் குளிர்ந்த தண்ணீரில் குதித்தார்கள். கரை சேர்ந்தது ஒரே ஒரு ஆள், கனடாவிலிருந்து வந்த 17 வயது ஜார்ஜ் யங், 15 மணி 44 நிமிடத்தில். பந்தயம் என்று பெயர், கடைசியில் தனி ஆள் சாகசமாகவே முடிந்தது.

ஆங்கிலக் கால்வாயிலும் 1950களில் பந்தயம் நடந்தது. விடுமுறை முகாம் நடத்திவந்த பில்லி பட்லின் அதற்குப் பணம் போட்டார். 1958 போட்டியில் எல்லோருக்கும் முன்னால், ஆண்களையும் சேர்த்துத்தான், கரையேறியவர் டென்மார்க்கில் பிறந்த கிரெட்டா ஆண்டர்சன். ஆண்களில் முதலாவதாக வந்தவர் கிழக்குப் பாகிஸ்தானின் பிரோஜென் தாஸ். ஆங்கிலக் கால்வாயைக் கடந்த முதல் ஆசியர் அவர். அடுத்த மாதம் மிஹிர் சென் தனியாகக் கடந்தார், நமக்குப் பள்ளிப் புத்தகத்தில் வந்த பெயர் அதுதான். அதற்கடுத்த வருஷம் பிரோஜென் தாஸின் வெற்றியால் உந்தப்பட்டு கல்கத்தாவின் ஆரதி சாஹா அதே பட்லின் பந்தயத்தில் இறங்கினார். கரை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் நீரோட்டம் தள்ளிவிட்டது, முடிக்க முடியவில்லை. ஒரு மாதம் அங்கேயே இருந்து 1959 செப்டம்பர் 29 அன்று தனியாகக் கடந்தார். முதல் ஆசியப் பெண் என்று நாம் கொண்டாடும் அந்தச் சாதனை ஒரு பந்தயத்தில் தோற்றதிலிருந்து வந்தது.

இன்றைக்கும் அப்படித்தான். ஆங்கிலக் கால்வாயை 7 மணி நேரத்துக்குள் முதலில் கடந்தவர் பல்கேரியாவின் பெட்டர் ஸ்டோய்ச்செவ், 2007இல். அதை 2012இல் முறியடித்தவர் ஆஸ்திரேலியாவின் டிரென்ட் கிரிம்சி. 2023இல் 6 மணி 45 நிமிடத்துக்குக் கொண்டுவந்தவர் ஜெர்மனியின் ஆண்ட்ரியாஸ் வாஷ்பர்கர். மூன்று பேரும் வருஷம் முழுக்கக் கும்பலில் இடிபட்டுப் பந்தயம் நீந்தியவர்கள். தனியாகக் கடலைக் கடப்பதில்கூட, பந்தயத்தில் தேறியவர்கள்தான் வேகமாகக் கடக்கிறார்கள்.

இந்தியாவில் பந்தயம் என்றால் வங்காளம்தான். முர்ஷிதாபாத் மாவட்டத்தில் பாகீரதி ஆற்றில் அஹிரன் படித்துறையிலிருந்து பஹரம்பூர் கோராபஜார் படித்துறை வரை 81 கிலோமீட்டர் போட்டி நடக்கிறது. உலகின் மிக நீளமான நீச்சல் போட்டி என்று அவர்கள் பெருமையாகச் சொல்கிறார்கள். அர்ஜென்டினாக்காரர்கள் பரானா ஆற்றில் தங்களுடையது 88 கிலோமீட்டர் என்பார்கள், அந்தச் சண்டை நமக்கு வேண்டாம். மழைக்காலத்தில் ஆறு நிறைந்து ஓடும்போது நடத்துவார்கள், வழி நெடுகப் படித்துறைகளில் ஊரே நிற்கும். 19 கிலோமீட்டர் பந்தயம் ஒன்றும் கூடவே உண்டு. மிஹிர் சென், ஆரதி சாஹா, பூலா சௌத்ரி என்று வரிசையாக வங்காளிகள் வந்ததற்கும் இப்படிப்பட்ட படித்துறைகளுக்கும் சம்பந்தம் இல்லாமல் இருக்காது என்பது என் எண்ணம்.

நம்ம பக்கம் வீரர்களுக்குக் குறைவில்லை. தொண்டைமானாற்று முருகுப்பிள்ளை நவரத்தினசாமி 1954இலேயே பாக் நீரிணையை நீந்திக் கடந்தார். மிஹிர் சென் அதே நீரிணையில் இறங்குவதற்குப் பன்னிரண்டு வருஷம் முன்னால். ஆழிக்குமரன் ஆனந்தன் 1971இல் வல்வெட்டித்துறையிலிருந்து கோடியக்கரை போய், அப்படியே திரும்பியும் வந்தார், 51 மணி நேரம். சென்னை அண்ணா நீச்சல் குளத்தில் 80 மணி நேரம் தண்ணீரில் நின்றபடியே மிதந்து கின்னஸில் இடம் பிடித்ததும் அவர்தான். 1984இல் ஆங்கிலக் கால்வாயில் நீந்தும்போது இறந்துபோனார். குற்றாலீஸ்வரன் 1994இல் ஒரே வருஷத்தில் ஆறு கால்வாய்களைக் கடந்து மிஹிர் சென்னின் ஐந்தை முந்தினார். அவருக்கு அப்போது பதின்மூன்று வயதுகூட நிறைந்ததோ இல்லையோ. தொண்ணூறுகளில் பள்ளிக்கூடம் போன என் தலைமுறைக்கு அவர் பெயர் சச்சினுக்கு அடுத்த பெயர். அப்புறம் என்ன ஆனது? போதிய ஆதரவு இல்லாமல் நீச்சலை விட்டுவிட்டுப் பொறியியல் படிக்கப் போனார். ஒரு நீச்சல்காரர் உச்சத்துக்கு வரும் வயதுக்கு இன்னும் பத்துப் பதினைந்து வருஷம் பாக்கி இருந்தபோது.

மேலே வயதுகளை ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னது இதற்காகத்தான். உலகப் போட்டிகளில் 14 வயதுக்குக் கீழே கடலில் இறங்கவே விட மாட்டார்கள். ஆங்கிலக் கால்வாயில் 1988இல் தாமஸ் கிரெகரி என்ற சிறுவன் 12 வயது நிறைவதற்குள் கடந்தான், பிற்பாடு குறைந்த வயது 16 என்று வைத்துவிட்டார்கள். நமக்கோ பத்து வயது, பதிமூன்று வயது என்று இறங்கினால்தான் செய்தி. இது பெரியவர்களின் விளையாட்டு. தோள் முற்றி, குளத்தில் 1500 மீட்டர் வேகமாக நீந்தத் தெரிந்து, அப்புறம் கடலுக்கு வருகிற விளையாட்டு. லண்டன் ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கிய துனீசியாவின் உசாமா மெலூலி அதே ஒலிம்பிக்கில் குளத்து 1500 மீட்டரில் வெண்கலமும் வாங்கியவர். நாம் பிள்ளைகளைப் பதிமூன்று வயதில் ஓய்வு பெற வைக்கிறோம்.

பாக் நீரிணையில் பந்தயம் வைக்க முடியாது என்பது நிஜம். இரண்டு நாட்டு எல்லை, கடற்படை, கடலோரக் காவல், இரண்டு அரசாங்கத்தின் அனுமதி. ஒரு ஆள் ஒரு படகுக்கே மாதக்கணக்கில் அலைய வேண்டும். முப்பது பேருக்கு யார் கையெழுத்துப் போடுவார்கள்? மெரினா மாதிரியான கரைகளில் அலையும் இழுப்பும் ஆளை விழுங்கிவிடும். ஆனால் 10 கிலோமீட்டர் போட்டிக்கு எல்லை தாண்டவே வேண்டாமே. ஒன்றரைக் கிலோமீட்டர் சுற்றளவுக்கு அமைதியான தண்ணீர் போதும். ராமேசுவரத்தில் பெண் கடல், ஆண் கடல் என்று இரண்டு பக்கமும் இரண்டு கடல் இருக்கிறது. ஒன்று பொங்கும் பருவத்தில் மற்றது அடங்கிக் கிடக்கும், எந்த மாதம் எந்தப் பக்கம் என்று மண்டபத்து மீனவர்களைக் கேட்டால் தூக்கத்தில் சொல்வார்கள். மிதவைகள், காவலுக்குப் படகுகள், ஒரு மருத்துவர், தண்ணீர்ச் சோதனை. செலவு உண்டுதான், ஆனால் ஒரு மாவட்டக் கபடிப் போட்டிக்குக் கொடி கட்டுகிறவர்களால் முடியாத காரியம் இல்லை. ஆசிய விளையாட்டிலேயே இந்த 10 கிலோமீட்டர் வந்துவிட்டது, 2023இல் ஹாங்சோவில் நடந்தது.

இதையெல்லாம் நான் முதலில் சொன்னது மதுரையில் இருக்கிற அக்காவிடம். அவள் பையனுக்குப் பதினோரு வயது, நன்றாக நீந்துவான். ஒருநாள் ராத்திரி போன் பண்ணி, "தம்பி, இவன அடுத்த வருசம் தலைமன்னார்லருந்து நீந்த வைக்கலாம்னு கோச் சொல்றாருடா. ஸ்பான்சர் மட்டும் பிடிக்கணுமாம். நீ அங்க யார்ட்டயாவது கேட்டுப் பாரேன்" என்றாள். வேண்டாம், குளத்திலேயே நீந்தட்டும், நேரம் குறையக் குறையப் பார்ப்போம், பதினாறுக்கு அப்புறம் கடலுக்கு வரட்டும் என்று வெல்ப்ராக்கிலிருந்து ஆரம்பித்து அரை மணி நேரம் பேசினேன். பொறுமையாகக் கேட்டாள்.

"1500 மீட்டர்ல மாவட்டத்துல மூணாவது வந்தா எந்தப் பேப்பர்ல போடுவான்?" என்றாள் அப்புறம்.

"பேப்பர விடுக்கா. போட்டியில நீந்தினாத்தான் தேறுவான்."

"சரிடா, நீ சொல்ற மாதிரியே வெச்சுக்குவோம். நம்ம போய்ட்டு வர்ற தூரத்துல அந்தப் பத்துக் கிலோமீட்டர் போட்டி எங்க நடக்குது, எந்த மாசம், அத மட்டும் சொல்லு. கூட்டிட்டுப் போறேன்."

தெரிந்ததைச் சொன்னேன். முர்ஷிதாபாத். சென்னையிலிருந்து ஹௌரா, அங்கிருந்து சியால்தா ஸ்டேஷன் போய் லால்கோலா ரயிலைப் பிடித்தால் பஹரம்பூரில் இறங்கிக்கொள்ளலாம்.

அவள் போனை மாமாவிடம் கொடுத்துவிட்டாள்.